நத்தையோடு சண்டை போட்ட வீரர்கள்: கயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் நேற்று ராத்திரி உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தேன். ஆர்தர் அரசரின் வட்டமேசை வீரர்களைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கத் தமிழில் சொல்லப்போகிறேன் என்று நீ சொன்ன அன்றே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் படித்து முடித்த பிறகு ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அதனால் அத்தை எழுதியே அனுப்புகிறேன்.

உன் கதையில் வட்டமேசை வீரர் லான்ஸ்லாட் சேற்றில் வழுக்கி விழுகிறார். அவர் தலைக்கவசத்துக்குள் தவளை போகிறது. கவசத்தின் பாரத்தால் குதிரை ஏற முடியாமல் கப்பி கட்டி அவரை மேலே தூக்குகிறார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் இவை எல்லாம் நீ வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியவை. அந்தக் கதைகள் விறைப்பானவை, நாம்தான் கிச்சுகிச்சு மூட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டாய். ஐந்நூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அவற்றை எழுதியவர்களே சிரித்துக்கொண்டுதான் எழுதினார்கள், கயல்.

கப்பியை முதலில் எடுத்துவிடு. அது உண்மையும் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் முழு இரும்புக் கவசமே ஏறக்குறைய 20, 25 கிலோதான். அந்தப் பாரம் தோளில் மட்டும் உட்காராமல் உடம்பு முழுக்கப் பரவி நிற்கும். சின்ன வயதிலிருந்து பழகியவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், தாங்களாகவே குதிரை ஏறுவார்கள். நாம் விளையாட்டாகச் சொல்வதைப் பிள்ளைகள் வரலாறு என்று மனதில் வைத்துக்கொள்ளும்.

லான்ஸ்லாட்டைப் பார்த்துச் சிரிக்கச் சேறும் தவளையும் எதற்கு? சர் தாமஸ் மாலரி சிறையில் இருந்தபடி எழுதி, 1470 வாக்கில் முடித்து, 1485இல் காக்ஸ்டன் என்ற அச்சுக்காரர் அச்சில் கொண்டுவந்த, ஆர்தர் கதைகளின் அந்தப் பெரிய புத்தகத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. லான்ஸ்லாட் காட்டில் ஊற்றோரமாகப் படுத்துத் தூங்குகிறார். வேட்டைக்கு வந்த ஒரு பெண் மான் மீது அம்பு விடுகிறாள். குறி தப்பி, அம்பு உலகத்திலேயே சிறந்த வீரரின் பிட்டத்தில் போய்ச் செருகிக்கொள்கிறது. உன் கையில் வில்லைக் கொடுத்தது பிசாசாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி அவர் கத்துகிறார். அப்புறம் சேணத்தில் உட்கார முடியவில்லை. போட்டி நாள் நெருங்குகிறது. ஆனாலும் போய்ச் சண்டை போடுகிறார். இதைவிட உனக்கு என்ன வேண்டும்?

அதே லான்ஸ்லாட், மாலரிக்கு முந்நூறு வருஷம் முன்னால் பிரெஞ்சில் எழுதிய கிரெத்தியான் த துரூவாவின் கதையில், கடத்தப்பட்ட ஆர்தரின் ராணி கினிவியரைத் தேடிப் போகிறார். குதிரை செத்துவிட்டது. வழியில் ஒரு குள்ளன் வண்டி ஓட்டி வருகிறான். ஏறினால் ராணி இருக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்கிறான். குற்றவாளிகளை ஊர் பார்க்க ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. ஏறினால் மானம் போகும். லான்ஸ்லாட் இரண்டே அடி தயங்கி நடந்துவிட்டு ஏறிவிடுகிறார். வழியெல்லாம் ஊரார் ஏளனம். கத்தி முனைபோன்ற பாலத்தைக் கை கால் கிழியத் தவழ்ந்து கடந்து, சண்டையும் போட்டு ராணி முன்னால் போய் நிற்கிறார். ராணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஏன் என்று பிற்பாடுதான் தெரிகிறது: அந்த இரண்டு அடி தயக்கத்துக்காக.

உன் பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டிவிட்டு, ராணி செய்தது சரியா என்று கேட்டுப் பார். வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும்.

கிண்டல் பேச ஒரு கழுதையை நீயே உண்டாக்கியிருக்கிறாய். அந்த வேலைக்கு மாலரியிடம் ஒரு வீரரே இருக்கிறார், சர் டினடான். காரணமில்லாமல் வழியில் போகிறவனோடெல்லாம் எதற்கு மோத வேண்டும் என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். அவரைச் சீண்டுவதற்காக லான்ஸ்லாட் கவசத்துக்கு மேல் பெண்ணுடை போட்டுக்கொண்டு வந்து குதிரையிலிருந்து தள்ளிவிடுகிறார். பிறகு டினடானுக்கே அந்த மாதிரி உடை மாட்டி ராணி முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ராணி சிரித்துச் சிரித்துக் கீழேயே விழுந்துவிடுகிறாள். கழுதை வேண்டாம், டினடானைப் பேச விடு.

கிரெத்தியானின் இவெய்ன் என்ற வீரரின் கதையில் வருகிற சிங்கத்தையும் விட்டுவிடாதே. எசமான் மயங்கிக் கிடப்பதைச் செத்துப்போனார் என்று நினைத்து, அவர் வாளைப் பல்லால் இழுத்து மரத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, அதன் மேல் பாய்ந்து உயிரை விட ஓடிவருகிறது. இவெய்ன் கண் விழித்ததும் சட்டென்று நின்றுவிடுகிறது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டும் சேர்ந்து வருவதுதான் இந்தக் கதைகளின் குணம்.

படங்களுக்கு யோசனை கேட்டிருந்தாய். 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 14ஆம் நூற்றாண்டிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் கையால் எழுதிய புத்தகங்களின் ஓரங்களைப் பார். கவசம் போட்ட வீரர்கள் நத்தையோடு சண்டை போடுகிறார்கள். சிலர் வாளைக் கீழே போட்டுவிட்டு நத்தையின் முன்னால் மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள். ஜெபப் புத்தகத்தின் ஓரத்திலேயே இப்படி வரைந்திருக்கிறார்கள். வீரத்தை மதித்த அதே ஆட்கள்தான் அந்த வீரத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். பக்கத்துக்கு ஒரு நத்தை போடு.

காவெய்ன் அத்தியாயத்தில் ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பாட்டு அது. ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. 1731இல் அது இருந்த நூலகம் தீப்பிடித்தபோதும் தப்பிவிட்டது. புத்தாண்டு விருந்தில் பச்சை நிற ராட்சசன் குதிரையோடு உள்ளே வந்து, என் தலையை வெட்டு, ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து நான் உன் தலையை வெட்டுவேன் என்கிறான். காவெய்ன் வெட்டுகிறார். அவன் தன் தலையைத் தானே எடுத்துக்கொள்கிறான். தலை பேசுகிறது. இதையெல்லாம் நன்றாகச் சொல்லியிருக்கிறாய். ஆனால் காவெய்ன் உயிர் பிழைத்து வீட்டுக்குத் திரும்புவதோடு முடித்துவிட்டாயே. வழியில் தங்கிய வீட்டில், கிடைப்பதை எல்லாம் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தும், உயிரைக் காக்கும் என்று சொன்ன ஒரு பச்சைக் கச்சையை மட்டும் உயிருக்குப் பயந்து ஒளித்து வைத்துக்கொண்டார், சொன்ன சொல்லில் தவறினார். அரண்மனைக்கு வந்து எல்லார் முன்னாலும் வெட்கத்தோடு அதைச் சொல்கிறார். அவையோ வாய்விட்டுச் சிரிக்கிறது. சிரித்துவிட்டு, இனி நாங்களும் ஆளுக்கொரு பச்சைக் கச்சை அணிவோம் என்று முடிவு செய்கிறது. காவெய்னைத் தனியாக அவமானப்பட விடாத சிரிப்பு அது. தேர்வில் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகப் பயப்படுகிற ஒரு பிள்ளைக்கு இந்தக் காட்சி எவ்வளவு தெம்பாக இருக்கும் என்று யோசித்துப் பார்.

கடைசியாக, நீ இன்னும் எழுதத் தொடங்காத, கிரெத்தியான் எழுதிய பெர்சிவல் என்ற பையனின் கதை. அவனைத்தான் உன்னிடம் ஒப்படைக்க மனம் அடித்துக்கொள்கிறது.

அண்ணன்மார் இருவரும் வீரர்களாகிச் செத்துப்போனார்கள். அந்தத் துக்கத்தில் அப்பாவும் போய்விட்டார். மிஞ்சிய பிள்ளையை அம்மா காட்டுக்குள் ஒளித்து வளர்க்கிறாள். வீரன் என்கிற வார்த்தையே அவனுக்குத் தெரியாது. ஒருநாள் காட்டில் இரும்புச் சத்தம் கேட்கிறது. அம்மா சொன்ன பிசாசுகள் இவைதான் என்று நினைக்கிறான். வெயிலில் கவசம் மின்னுவதைப் பார்த்ததும், ஐயோ, இவர்கள் தேவதூதர்கள் என்கிறான். நடுவில் அழகாக இருப்பவரைக் கடவுள் என்று எண்ணி மண்ணில் விழுந்து ஜெபம் செய்கிறான். அவரோ இந்தப் பக்கம் ஐந்து வீரர்களும் மூன்று பெண்களும் போனார்களா என்று கேட்கிறார். பையன் அவருடைய ஈட்டியைப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்கிறான். அவர் மறுபடி கேட்கிறார். அவன் கேடயத்தைக் காட்டி, இது என்ன என்கிறான். பிறக்கும்போதே இந்தச் சட்டையோடுதான் பிறந்தீர்களா? மான்களுக்கு இந்த மாதிரிச் சட்டை இருந்தால் நான் எப்படி வேட்டையாடுவது? ஒரு வார்த்தையும் நீ சேர்க்க வேண்டாம், அப்படியே சொல்.

அடுத்து வரும் கூடாரக் காட்சியில் மட்டும் கவனமாக இரு. கூடாரத்தைக் கோயில் என்று நினைத்து உள்ளே போவது வேடிக்கை. அங்கே தனியாக இருக்கும் பெண்ணிடம் அவன் பலவந்தமாக நடந்துகொள்வது வேடிக்கையே இல்லை. அவனால் அவள் பிறகு எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்பதைக் கிரெத்தியானே சொல்கிறார். அதை நகைச்சுவையாக்கிவிடாதே.

அதற்குப் பிறகு ஒரு பெரியவர் அவனுக்கு, அதிகம் பேசாதே என்று புத்தி சொல்லி அனுப்புகிறார். காடு முழுக்கக் கேள்வி கேட்ட பையன் வாயை மூடிக்கொள்கிறான். காயம்பட்ட மீனவ அரசரின் வீட்டில் ரத்தம் சொட்டும் ஈட்டி அவன் கண் முன்னால் போகிறது, ஒளிவீசும் கிண்ணம் போகிறது. இது யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரசர் குணமாகியிருப்பார். அவன் கேட்கவில்லை.

ஏன் வாய் வரவில்லை என்று அவனுடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி பிறகு சொல்கிறாள். அன்று ஆசை ஆசையாக வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பாலத்தின் தலைமாட்டில் அம்மா செத்தவள்போல விழுந்து கிடந்தாள். பார்த்துவிட்டு, குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தத் துக்கத்திலேயே அவள் இறந்துபோனாள், அந்தப் பாவம்தான் உன் நாக்கைக் கட்டியது என்கிறாள்.

சிறு பிள்ளைகள் புத்தகம் என்று சொல்லி அந்தப் பாலத்தை எடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. கடவுளே என்று கவசக்காரன் காலில் விழுகிற இடத்தில் பிள்ளைகள் எவ்வளவு சிரிக்கிறார்களோ, அவ்வளவு அமைதியாக இந்த இடத்தைக் கேட்பார்கள். இந்த அத்தியாயத்தை எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு. பாலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை