அக்கா, அந்த பிளக்ஸை நான் இன்னும் அடிக்கவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன வாரம் கடைக்கு வந்து உங்கள் மகன், நம் தம்பியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனீர்கள். பத்துக்கு எட்டு அளவில் பிளக்ஸ், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் 200, அப்புறம் நினைவுச் சுழற்கோப்பை சிலம்பப் போட்டிக்கு நோட்டீஸ். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டீர்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. நேரில் வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச வந்ததைப் பேசாமல் அடித்துக் கொடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். "பேரு எதுவும் போடாம எழுதுங்க தம்பி, நாலு பேரு படிக்கட்டும்" என்று நீங்கள் போனில் சொன்ன தைரியத்தில் இங்கேயே போடுகிறேன்.

மதுரையில் போஸ்டர் அடித்துப் பிழைப்பவன் போஸ்டர் வேண்டாம் என்று சொல்வது தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்கிற வேலைதான். ஆனால் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் இந்த ஊரில் ஒரே சுவர்தான் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இன்று ஒட்டுகிற அஞ்சலி மேல் நாளை மறுநாள் பூப்புனித நீராட்டு விழா ஏறிவிடும். தம்பி முகத்தின் மேல் அப்படி ஒன்று ஏறிக் கிடப்பதை, விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் நீங்கள் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, 'சிலம்பச் சக்கரவர்த்தி' என்று போடச் சொன்னீர்கள். அவன் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். மாவட்ட அளவில் மூன்றாம் இடம் வரை வந்தவன் அக்கா. காலடி அவ்வளவு சுத்தம், வீச்சில்தான் அவசரம். வாத்தியார் அதற்காகக் கத்திக்கொண்டே இருப்பார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நின்றால் மட்டும் அந்த அவசரம் எங்கே போகும் என்று தெரியாது. முட்டி போட்டு அவர்கள் உயரத்துக்கு வந்துவிடுவான். "கம்பப் பாக்காத, அவன் தோளப் பாரு. தோள் அசைஞ்ச பிறகுதான் கம்பு வரும்" என்பான். நூறு தடவை என்றாலும் அதே குரலில்.

சரி, போட்டி விஷயத்துக்கு வருகிறேன். சீட்டுப் பணம் ஒரு லட்சம் இருக்கிறது என்றீர்கள். பந்தல், மைக் செட், நடுவர்களுக்குப் படி, மதியச் சாப்பாடு, கோப்பை, மெடல், சான்றிதழ், பொன்னாடை என்று போனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அது தீர்ந்துவிடும். இப்படி எத்தனையோ போட்டிகளுக்கு நோட்டீஸ் அடித்திருக்கிறேன், போய் நின்றும் பார்த்திருக்கிறேன். காலை 7 மணிக்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். ஐயாயிரம் வருடத்துக் கலை என்று மைக்கில் முழங்குவார். அதற்குள் யாராவது ஒரு பொடியன் கம்பை ஊன்றிக்கொண்டு தலைசுற்றி உட்கார்ந்திருப்பான்.

தம்பியும் ஒரு முறை அப்படி ஒரு பொடியனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

செல்லூர்ப் பக்கம் நம் மைதானத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. என் மகனை விடுவதற்கு நானும் போயிருந்தேன். கீழமாசி வீதிக்கு மூட்டை தூக்கப் போக வேண்டும் என்பதால் வாத்தியார் விடியற்காலை 5.30-க்குத் தொடங்கி 7 மணிக்கு முடித்துவிடுவார். அன்று தொடுமுறை ஆட விட்டார். கம்பு நுனி எதிராளி உடம்பில் பட்டால் புள்ளி. கால் ஓர் இடத்தில் நிற்கவே கூடாது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலு சுற்று வந்தான். ஐந்தாவதில் கம்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அடி பட்டுவிட்டது என்று எல்லோரும் பதறினோம். தம்பி அந்தப் பையன் முகத்தில் தண்ணீர் தெளித்து, "நேத்து ராத்திரி என்னடா சாப்ட்ட?" என்று கேட்டான்.

"டீ."

அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நேராக வாசலுக்குப் போனான். அங்கே தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கும் அண்ணன் இருக்கிறாரே, அவரிடம். சுக்கும் கருப்பட்டியும் மணக்க, மேலே தேங்காய்த் துருவல் போட்ட டம்ளரைப் பையன் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாவது டம்ளர் பாதியில்தான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான்.

காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று நம் ஊரில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைத்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். ஆறாவது போய்விட்டால் மத்தியானச் சத்துணவு வரைக்கும் வெறும் வயிறு. தம்பி அன்று திரும்பும்போது சொன்னான்: "ஆறாப்பு போனா காலைல பசிக்காதுன்னு நெனச்சுட்டாங்க போல மாமா."

ரிங் ரோட்டில் நடந்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கருமாதி முடிந்த வாரம் பருத்திப்பால் குடிக்கப் போனேன். அந்த அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். தம்பி பெயரில் ஒரு பக்கம். தேதி போட்டு 3, 4, 3, 5 என்று எத்தனை டம்ளர் என்ற கணக்கு. மாதம் பிறந்தால் தீர்த்திருக்கிறான். கோயில் திருவிழாக்களில் கம்பு சுற்றினால் கையில் கொடுக்கும் காசு இதற்குத்தான் போயிருக்கிறது. எல்லாம் செல்போனுக்கே போகிறது என்று நீங்கள் திட்டிக்கொண்டிருந்த காசு. கடைசிப் பாக்கி 340 ரூபாய். நீட்டினேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் பக்கத்தையும் அவர் கிழிக்கவில்லை.

ஆகவே அக்கா, தம்பி நினைவாக என்ன செய்வது என்று நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. அவன் செய்துகொண்டிருந்தது பாதியில் நிற்கிறது.

வாத்தியாரிடம் கேட்டு எண்ணினேன். வருகிற 30 பேரில் சாப்பிடாமல் வருகிறவர்கள் 11 பேர். எல்லோரும் ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குள். ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால், ஓர் அவித்த முட்டை. 25 ரூபாய் வைத்தால் ஒரு நாளைக்கு 275. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, 825. வருடம் முழுக்க 43,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதியில் தயவுசெய்து கை வைக்காதீர்கள், அது பாப்பா காலேஜுக்கு. இதில் தம்பி என் பக்கம்தான் பேசுவான்.

போட்டி நடத்தினால் பிள்ளைகளுக்குச் சான்றிதழாவது கிடைக்குமே என்றீர்கள். சிலம்பத்துக்கு இப்போது மவுசு கூடியிருப்பது உண்மைதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அதைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் சிலம்பம் இருக்கிறது. ஆனால் யார் நடத்திய போட்டி, எந்த அளவிலான போட்டி என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். தங்க பார்டர் போட்டு நான் அடித்துக் கொடுக்கும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும். 'சர்வதேசப் போட்டி' என்று சொன்ன ஆட்களை நம்பிச் சங்கிலியை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய ஓர் அம்மாவை எனக்கே தெரியும். கோப்பையில் முலாம் மூன்று மாதத்தில் உரிந்துவிட்டது. சங்கிலி இன்னும் மீளவில்லை.

பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் இருக்கின்றன, முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. அதற்கெல்லாம் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துப் போனஃபைடு என்று தாள் சேர்க்க வேண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒருவனுக்கு ஆதாரில் பிறந்த வருடம் தப்பு. ஒரு பாப்பாவின் அப்பா பெயர் மூன்று தாளில் மூன்று விதமாக இருக்கிறது. இந்த வேலையை என்னிடம் விடுங்கள். கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது, மத்தியானம் 2 முதல் 4 வரை ஈதான் ஓட்டுகிறேன்.

அப்புறம் தம்பியின் கம்புகள். துக்கத்துக்கு வந்தபோது கதவுக்குப் பின்னால் பார்த்தேன், ஏழு இருந்தன. சிலம்பக் கம்பு ஆளுக்கேற்ற அளவு. நேராக நிறுத்தினால் புருவத்துக்கு வர வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு வருடத்துக்கு வருடம் பற்றாமல் போய்விடும். அவன் ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. பிடிக்கும் இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'ஆறாப்பு', 'ஏழாப்பு', 'எட்டாப்பு' என்று எழுதி வைத்திருக்கிறான். மூங்கில் இப்படிச் சும்மா நின்றால் காய்ந்து வெடித்துவிடும் அக்கா. எண்ணெய் போட்டு யாராவது சுற்ற வேண்டும்.

சம்மதம் என்றால் விலை கேட்டுக் கடைக்கு வராதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மைதானத்துக்கு வாருங்கள். 'ஏழாப்பு' கம்பை மட்டும் எடுத்து வந்தால் போதும். அன்று மயங்கி விழுந்தானே, அவன் இப்போது எட்டாவது. ஆள் கொஞ்சம் குட்டை, அதுதான் அவனுக்குச் சரியாக இருக்கும்.

அன்புடன்,
போஸ்டர் கடைத் தம்பி