வீட்டை விக்கப் போறோம் பாப்பு

பாப்பு,

நேத்து போனை பாதிலயே வச்சுட்ட. கோவம்னு புரிஞ்சுது. திருப்பி கூப்ட்டா அதே சண்டைதான் வரும், அதான் உக்காந்து டைப் பண்றேன், நீ பஸ்ல போறப்ப படி. வீட்டை விக்கறது முடிவாயிடுச்சு. "யோசிச்சுட்டு இருக்கோம்"னு உங்கப்பா சொன்னது உனக்கு பயந்துக்கிட்டு. ஏஜென்ட் வந்து ஃபோட்டோ எடுத்துட்டு போயாச்சு, ஹால்ல இருந்த கொலுப்படி, மாடிப்படில இருந்த உன் ஸ்கூல் ஃபோட்டோ எல்லாம் எடுத்து மறைச்சு வைக்க சொன்னா, யாரு வீடோ மாதிரி இருந்தாத்தான் வாங்க வர்றவங்களுக்கு புடிக்குமாம்.

போறது ஹால்சியனுக்கு, கடையும் வீடும் ஒண்ணா கட்டுன அந்த எடம்தான். ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட், மொதல்ல ஒரு வருஷம் வாடகைக்கு. டவுன்ஹோம் பாத்தோம், மூணு மாடி, சமையல்கட்டு நடு மாடில, கார் கீழ, அரிசி மூட்டைய யாரு தூக்கறது. அபார்ட்மென்ட்ல லிஃப்ட் இருக்கு.

"அம்மா அது ஊரு இல்ல, சினிமா செட்டு"ன்னு சொன்ன பாரு, அதை ராத்திரி பூரா யோசிச்சேன். செட்டுதான்டி, யாரு இல்லேன்னா. 2019-ல திறந்த புதுசுல நாம மூணு பேருமா போனோமே, 135 ஏக்கர், நடுவுல புல்வெளி, சுத்தி கடை, கடைக்கு மேலயும் பின்னாடியும் வீடு, தியேட்டரு, ஹோட்டலு. ஒரு கட்டடம் செங்கல்லு, அடுத்தது பலகை, அதுக்கடுத்தது இரும்பு, என்னமோ நூறு வருஷமா ஒவ்வொருத்தரா வந்து கட்டுன மாதிரி, ஆனா எல்லாம் ஒரே கம்பெனி ஒரே மூச்சுல கட்டுனது. உங்கப்பா அன்னிக்கே மார்க்கெட் ஹாலுக்குள்ள நின்னுக்கிட்டு "எங்க மன்னார்குடி கடைத்தெருவ இவனுங்க இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்கானுங்க"ன்னு ஆரம்பிச்சாரு, நீ கூட சிரிச்ச. எனக்கு அதுல சம்மதம் இல்ல. மன்னார்குடில கடைக்காரர் கடைக்கு மேலயே இருப்பாரு, ராத்திரி பத்து மணிக்கு கதவை தட்டினா கூட ஜெலுசில் குடுப்பாரு. இங்க எனக்கு காபி போட்டுத் தர்ற பொண்ணு டாசன்வில்லேருந்து தினம் கார் ஓட்டிட்டு வருது, அந்த சம்பளத்துக்கு இங்க ஒரு ரூம் கூட கெடைக்காது. ஒரே எடத்துல வீடும் கடையும் வேலையும்னு பேப்பர்ல போட்டிருக்கு, வேலை பாக்கறவங்களுக்கு அந்த வீடு இல்ல. இதெல்லாம் எனக்கு தெரியாம இல்ல.

ஆனா நீ ஒண்ணு மறந்துட்ட. சியாட்டில்ல நீ காரே இல்லாம இருக்க, லைட் ரயில் புடிக்கற, கீழ எறங்கினா கறிகாய் கடை. உன்னை மாதிரி நானும் கீழ எறங்கணும்னு நெனைக்கக் கூடாதா?

பதினெட்டு வருஷம் இந்த வீட்ல. நம்ம சப்டிவிஷன், இந்த வீட்டு காலனி, அதோட கேட்டு வரைக்கும்தான் நடைபாதை. அதுக்கப்புறம் புல்லு, பள்ளம், அம்பது மைல் வேகத்துல வர்ற ட்ரக்கு. என் கார் சர்வீஸ்ல இருந்தப்ப பால் வாங்க நடந்து போனேனே ஞாபகம் இருக்கா, ரெண்டு மைல் கூட இல்ல, மூணு கார் நின்னு "மேம், ஆர் யூ ஓகே"ன்னு கேட்டாங்க. நல்ல மனுசங்கதான். ஆனா ஒரு பொம்பள கையில பையோட ரோட்ல நடந்தா அவளுக்கு ஏதோ ஆபத்துன்னு நெனைக்கற ஊரு இது.

அப்பாயி 2009-ல ஆறு மாசம் வந்திருந்துச்சுல்ல. தெரு பாக்கணும்னு கராஜ் கதவை தொறந்து வச்சுக்கிட்டு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருக்கும். யாரும் வரமாட்டாங்க. அமேசான்காரனுக்கு கூட அப்ப அவ்ளோ வேலை இல்ல, போஸ்ட் வண்டி ஒண்ணுதான். மூணாவது வாரம் ஹெச்ஓஏல, அதான் வீட்டுக்காரங்க சங்கத்துல இருந்து லெட்டர், கராஜ் கதவை ரொம்ப நேரம் தொறந்து வைக்கக் கூடாதுன்னு. அதை தமிழ்ல எப்படி சொல்றதுன்னு தெரியாம உங்கப்பா "கொசு வருதும்மா"ன்னு சொல்லி மூடினாரு. அந்த சேரு இன்னும் கராஜ்லதான் இருக்கு.

நாங்க ஏன் இங்க வந்தோம்னு அடிக்கடி கேப்ப. 2007-ல வந்தப்ப ஸ்கூலு நல்ல ஸ்கூலு, வீடு பெருசு, வெல கம்மி, அவ்ளோதான், வேற எதையும் பாக்கல. 2000 சென்சஸ்ல அட்லான்டாவுக்கு வடக்க இருக்கற நம்ம ஃபோர்சைத் கவுன்ட்டில 98 ஆயிரம் பேரு, 2020-ல 2 லட்சத்து 51 ஆயிரம். அந்த கூட்டத்துல நாமளும் மூணு பேரு. வந்த மறு வருஷமே வீட்டு மார்க்கெட் எல்லாம் படுத்துருச்சு. பாதி சப்டிவிஷன்ல ரோடு இருக்கும், லைட் கம்பம் இருக்கும், வீடு இருக்காது, வீடு வர வேண்டிய எடத்துல எல்லாம் வெள்ள பைப்பு மட்டும் மண்ணுலேருந்து நீட்டிக்கிட்டு நிக்கும். நீ அதுக்கு பைப் தோட்டம்னு பேரு வச்ச. அல்ஃபரெட்டால ஓல்ட் மில்டன் பக்கம் ப்ராஸ்பெக்ட் பார்க்னு ஒண்ணு ஆரம்பிச்சு, அதுவும் கடை வீடு ஆபீஸ் எல்லாம் ஒண்ணா வர்றதா இருந்தது, அப்படியே நின்னு போயி வருஷக்கணக்கா செம்மண்ணும் இரும்புமா கெடந்துச்சு. அதே 86 ஏக்கரைத்தான் வேற ஆளு வாங்கி 2014-ல அவலான்னு திறந்தாங்க. திறந்த அன்னிக்கு பார்க்கிங் கெடைக்காம நாம திரும்பி வந்தோம், நீ கார்ல அழுதுட்டே வந்த. அவலான் ஓடினதை பாத்துத்தான் ஆளாளுக்கு வரிசையா ஆரம்பிச்சாங்க, மெக்ஃபார்லண்ட்ல ஹால்சியன், நம்ம கவுன்ட்டி தலைநகர் கம்மிங்ல சிட்டி ஹால்காரங்களே கட்டுன சிட்டி சென்டரு.

கவுன்ட்டிக்கு இதுல கணக்கு இருக்குன்னு உங்கப்பா சொல்வாரு. நாலு பெட்ரூம் வீடு ஒண்ணு கட்டினா ரெண்டு புள்ளைங்க ஸ்கூலுக்கு வரும், அதுக்கு பஸ்ஸு, டீச்சரு, இடம் பத்தாம பின்னாடி ட்ரெய்லர் கிளாஸ்ரூமு. கடையும் ஆபீஸும் வந்தா டாக்ஸ் வரும், புள்ளைங்க வராது. அதனாலதான் எந்த நெலத்துல என்ன கட்டலாம்ங்கற சட்டத்துல மாஸ்டர் ப்ளான்ட் டிஸ்ட்ரிக்ட்னு ஒரு ஜோனிங்கே வச்சிருக்காங்க, வீட்டுக்கு பர்மிஷன் வேணுமா, கூட கடையும் கட்டு.

போன வருஷம் நம்ம தெருவுக்கு பின்னாடி காட்ல ரீசோனிங் போர்டு வச்சாங்கன்னு சொன்னேன்ல. அந்த ஹியரிங்குக்கு நானும் போனேன், உன்கிட்ட முழுசா சொல்லல, வெக்கமா இருந்துச்சு. அதை எதுத்துப் பேச நம்ம வாட்ஸாப் குரூப்ல எல்லாரும் செவப்பு டீஷர்ட் போட்டுட்டு வாங்கன்னு மெசேஜ். கம்மிங்ல பெரிய ஹாலு, பாதிக்கு மேல நம்ம ஆளுங்க, தெலுங்கு தமிழ் குஜராத்தி எல்லாம். ஒவ்வொருத்தரா மைக்ல போயி டிராஃபிக்கு, ஸ்கூலு, அபார்ட்மென்ட் வந்தா வாடகைக்கு இருக்கறவங்க வருவாங்க, ஊரு கெட்டுப் போயிடும்னு. நம்ம தெருல ரெண்டு வருஷம் முன்னாடி குடிவந்தவர், அவரு வீட்டு பெயின்ட் வாசனை கூட போயிருக்காது, "இந்த ஊரோட ரூரல் கேரக்டரை காப்பாத்தணும்"னு பேசறாரு. பின் வரிசைல ஒரு வெள்ளைக்கார பெரியவர், கோழிப்பண்ணை வச்சிருந்த குடும்பம்னு அப்புறம் சொன்னாரு, எங்களை எல்லாம் பாத்து சிரிச்சாரு. கேலி இல்ல, சும்மா சிரிச்சாரு. "நீங்க வந்தப்பவும் நாங்க இதே ஹால்ல இதையேதான் பேசினோம்"னாரு. எனக்கு அந்த டீஷர்ட்டை கழட்டி எங்கயாவது போட்டுட மாட்டோமான்னு இருந்துச்சு. நான் மைக் பக்கமே போகல.

திரும்பி வர்றப்ப உன் போர்டு ஞாபகம் வந்துச்சு, அந்த பெரிய மூணு மடிப்பு அட்டை, பதினோராம் கிளாஸ்ல ஹிஸ்டரி ப்ராஜெக்ட்டுக்கு பண்ணுனது. அதுவரைக்கும் பத்து வருஷம் இங்க இருந்தும் எனக்கு ஒண்ணுமே தெரியாது. 1910 கணக்குல இந்த கவுன்ட்டில 1,098 கறுப்பின மக்கள் இருந்தாங்கன்னு நீதான் எழுதி ஒட்டுன. 1912 செப்டம்பர்ல ஒரு வெள்ளைக்கார பொண்ணு அடிபட்டு சாகக் கெடக்க, அந்தப் பழிய போட்டு ராப் எட்வர்ட்ஸ்ங்கற கறுப்பினத்தவரை ஜெயில்லேருந்து இழுத்துட்டு வந்து கொன்னு தொங்க விட்டாங்க, அடுத்த மாசம் ரெண்டு சின்ன கறுப்பினப் பசங்களை தூக்குல போட்டாங்க, அப்புறம் ராத்திரி ராத்திரியா வீட்டுக்கு தீ வச்சு, சுட்டு, மிரட்டி, அத்தனை பேரையும் வெரட்டிட்டாங்க. நெலம் வச்சிருந்தவங்களும் உண்டு. வித்தவங்க கெடச்ச காசுக்கு வித்தாங்க, மத்தது அப்படியே போச்சு. அதுக்கப்புறம் எழுவத்தஞ்சு வருஷம் கிட்டத்தட்ட யாரும் திரும்பி வரல. 1987 ஜனவரில சிவில் ரைட்ஸ் தலைவர் ஹோசியா வில்லியம்ஸ் ஊர்வலம் நடத்தினப்ப கல்லும் பாட்டிலும் எறிஞ்சாங்க, மறு வாரம் 20 ஆயிரம் பேரு நேஷனல் கார்டு காவலோட நடந்தாங்க. அந்த 87-ல நான் திருவாரூர்ல ஸ்கூலுக்கு போயிட்டு இருந்தேன். இன்னிக்கு இந்த கவுன்ட்டில ஆறு பேர்ல ஒருத்தருக்கு மேலயே ஏசியன். இருபது வருஷம் கழிச்சு வந்து ஸ்கூல் ரேட்டிங் பாத்து வீடு வாங்கிட்டோம். நீ அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல கேட்ட, "நம்ம லாட்டு அப்ப யாரோடது"ன்னு. உங்கப்பா "சாப்பிடு மொதல்ல"ன்னாரு.

2021-ல கம்மிங்ல ராப் எட்வர்ட்ஸுக்கு போர்டு வச்சதும் நீ ஜார்ஜியா ஏதென்ஸ்லேருந்து வந்து என்னை கூட்டிட்டு போன. மாஸ்க் போட்டுட்டு ரெண்டு பேரும் படிச்சோம்.

அதான் சொல்றேன். ஹால்சியன் செட்டு, நம்ம வீடு நெஜம்னு நீ சொல்றப்ப எனக்கு கோவம் வருது. நீதான் அட்டைல ஒட்டி காமிச்சவ. இங்க எது ஒரிஜினலு? நம்ம சப்டிவிஷனுக்கு ஏதோ பண்ணைன்னு பேரு வச்சிருக்கான், எந்த மாடு மேஞ்சுது.

இப்ப இன்னொண்ணு வேற பேசிட்டு இருக்காங்க. யூனியன் ஹில் ரோடு பக்கம் த கேதரிங்னு, 100 ஏக்கர்ல, 18,500 பேரு உக்கார்ற ஏரீனா, ஹாக்கி டீம் கொண்டு வரணும்னு, கூடவே வீடு ஹோட்டல் கடை எல்லாம். 2023-லேருந்து இதே பேச்சுதான். அட்லான்டாலேருந்து ஹாக்கி டீமு ரெண்டு தடவை ஓடிப் போயிருக்கு, 1980-ல கால்கரிக்கு, 2011-ல வினிபெக்குக்கு. மூணாவது தடவை நிக்குமான்னு உங்கப்பா தினமும் கவலைப்படறாரு, ஹாக்கி ஒரு நாள் பாத்தது இல்ல. ஹால்சியனுக்கு ரொம்ப பக்கம்தான், மேட்ச் அன்னிக்கு நாங்க வெளிய வர முடியாதுன்னு நீ சொன்னது சரி. ஆனா வெளிய வர எனக்கு கார் வேணாமே.

அட்லான்டாவோட மார்ட்டா ரயிலு நார்த் ஸ்பிரிங்ஸ்லயே நின்னுடுச்சு, 2000-லேருந்து அதுக்கு வடக்க ஒரு ஸ்டேஷன் வரல, நம்ம கவுன்ட்டி அதுல சேரவே இல்ல. இப்ப அங்கேருந்து மெக்ஃபார்லண்ட் வரைக்கும் 16 மைலுக்கு 400 ஹைவேல காசு கட்டி போற லேன் போடப் போறாங்க, அதுல பஸ்ஸும் ஓடுமாம். ஓடட்டும் பாப்போம். எனக்கு 400-ல மெர்ஜ் ஆகறதுன்னா இன்னிக்கும் கை வேர்க்குது பாப்பு, உனக்கு தெரியும். அட்லான்டாவுக்கு தெக்க இருக்கற ரிவர்டேல் கோயிலுக்கு போகணும்னா உங்கப்பாவுக்கு லீவு இருக்கணும், மூடும் இருக்கணும்.

பண விஷயத்துல உன் அப்பா உன் கட்சி. இன்னும் மூணு வருஷம் பொறுத்தா அவருக்கு 65 ஆயிடும், சொந்த வீடு இருந்தா இந்த கவுன்ட்டில ஸ்கூல் டாக்ஸே கட்ட வேணாம், அதை விட்டுட்டு வாடகைக்கு போற முட்டாள் நானாத்தான் இருப்பேன்னு எக்ஸெல்ல போட்டு காமிச்சாரு. நானும் பாத்தேன். கணக்கு சரிதான். என் முட்டிக்கும் இன்னும் மூணு வருஷம்தான் கணக்குன்னு சொன்னேன், லேப்டாப்பை மூடிட்டாரு.

போன வாரம் ரெண்டு பேரும் அங்க போயி சும்மா ஒரு சாயங்காலம் இருந்து பாத்தோம். பின்பக்கம் பிக் க்ரீக் கிரீன்வே பாதை நேரா வந்து சேருது, மரத்துக்கு நடுவுல, காரே கிடையாது. உங்கப்பா பெஞ்சுல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தாரு, நான் மட்டும் தனியா நடந்து போயி, ஒரு காபி வாங்கி, திரும்பி நடந்து வந்தேன். யாரும் வண்டிய நிறுத்தி என்ன ஆச்சுன்னு கேக்கல. புல்வெளில ஒரு தமிழ் பாட்டி, ஸ்வெட்டருக்கு மேல பொடவை, பேரனோட சண்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு. எந்த ஊருன்னு கேட்டேன், சிவகாசி. அரை மணி நேரம் பேசினோம். நம்ம தெருல பதினெட்டு வருஷத்துல நான் அப்படி யாரோடயும் நின்னு பேசினது கிடையாது, பேசணும்னா மொதல்ல மெசேஜ் போடணும்.

சரி, வேலைய சொல்றேன். சனிக்கெழம ட்ரக்கோட ஆள் வர்றான், தேவையில்லாததெல்லாம் ஏத்திட்டு போயிடுவான். உன் ரூம்ல ஸ்பெல்லிங் பீ கப்பு ஏழு, பரதநாட்டிய சலங்கை ரெண்டு செட்டு, வயலின், அந்த கரடி பொம்மை. சலங்கைய நான் எடுத்துக்கறேன். கப்பு வேணுமா சொல்லு. அப்பாயி சேரு பால்கனில வைக்கலாமான்னு கேட்டேன், வெளிய தெரியற மாதிரி பிளாஸ்டிக் சேரு கூடாதாம், உள்ள ஜன்னல் ஓரமா போட்டுக்கறேன், அங்கேருந்தும் தெரு தெரியுது. அந்த மூணு மடிப்பு அட்டை கட்டிலுக்கு அடியில இருக்கு, ஒரு பக்கம் கரையான் மாதிரி ஏதோ அரிச்சிருக்கு, ஆனா படிக்க முடியுது. அபார்ட்மென்ட்ல அதை வைக்க எடம் பாத்துட்டேன், வாஷிங் மெஷினுக்கு பின்னாடி சரியா நிக்கும். உனக்கு வேணும்னா வியாழக்கெழமைக்குள்ள சொல்லு, யூபிஎஸ்ல போடறேன், இல்லேன்னா என்கிட்டயே இருக்கட்டும்.

அம்மா