தழும்புக்குப் பக்கத்தில் திரும்ப வரும் கட்டி: இன்னும் 2,45,000 ரூபாய் வேண்டும்

ஊர்க்காரர்களுக்கு வணக்கம். சுற்றி வளைக்கவில்லை. நம் திருப்பாதிரிப்புலியூர் இலவச வைத்தியசாலைக்கு வாங்கவிருக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மிஷின் 9,60,000 ரூபாய். கையில் 7,15,000. கொட்டேஷன் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான்.

முதுநகரில் மீன் விற்கும் ஓர் அம்மாவுக்குத் தொடையில் சார்கோமா என்கிற புற்றுநோய்ச் சதைக் கட்டியை எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துத் தழும்பை ஒட்டிக் கொண்டைக்கடலை அளவில் ஏதோ உருண்டது. தையல் தடித்திருக்கிறது என்று நினைத்துக் கூடையோடு அலைந்தார். டாக்டரிடம் போனபோது அது எலுமிச்சம்பழம். இந்தக் கட்டி எடுத்த இடத்திலேயே மறுபடி முளைக்கலாம், முளைத்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள். அதுவரை சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ. எடுக்கப் புதுச்சேரிக்கு பஸ் ஏற முடியுமா? அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை. ஜெல் தடவித் தழும்பின் மேல் லீனியர் புரோப் என்கிற, மேலோட்டமாக இருப்பதைப் பார்க்கும் கைக்கருவியை நகர்த்தினால் தோலுக்கு அருகில் உள்ள சின்ன முடிச்சும் தெரியும், நீர் கோத்திருக்கிறதா கெட்டிச் சதையா என்று பிரிக்கலாம், டாப்ளரில் ரத்த ஓட்டம் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் திரையைப் பார்த்தபடியே ஊசியால் சதை எடுக்கலாம். வயிறு பார்க்கும் புரோப் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது, மேலாக இருப்பது அதில் தெளிவாக விழாது. ஆழத்தில் இருப்பதற்கு எம்.ஆர்.ஐ., நுரையீரலுக்கு சி.டி. வேண்டும்தான், மறைக்கவில்லை. அப்புறம், 1994-ஆம் ஆண்டுப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு செய்யாமல் மிஷின் உள்ளே வராது, அந்த மனு கொடுத்தாயிற்று.

கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமான் கரையேறிய ஊர் இது. 2011 டிசம்பரில் தானே புயல் கூரையைப் பிய்த்துப் போட்ட மறுநாளே, விழுந்த முருங்கையை ஒதுக்கிவிட்டு வாசலில் பெஞ்சு போட்டு மருந்து கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். அன்றைய நோட்டு நனைந்து ஊதிப்போய் இன்னும் பீரோவில் இருக்கிறது.

பென்ஷனில் மாதம் 500 ஒதுக்கும் நெய்வேலி ஐயாவுக்கு, சீமந்தச் செலவைக் குறைத்து 20,000 கொடுத்த தம்பதிக்கு, உண்டியலை உடைத்து 1,312 ரூபாயைச் சில்லறையாகவே கொட்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு (எண்ணி முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது), டீ வாங்கிக் கொடுத்தே வசூலித்த கடைக்காரருக்கு நன்றி. பாடலீஸ்வரர் உங்களைப் பார்த்துக்கொள்வார்.

தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் பதினோரு பேர். திருவிழாவுக்கு சீரியல் செட் போட முதல் ஆளாக நின்றவர்களும் அதில் உண்டு. பெயரைப் படிக்கப் போவதில்லை, நோட்டு மேஜை மேல்தான் திறந்திருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணி வரை ரசீது போட ஆள் இருப்போம், 100 ரூபாய்க்கும் ரசீது உண்டு.

இப்படிக்கு,
வைத்தியசாலைக் கமிட்டியார்