மினியாபோலிஸிலிருந்து அப்பாவுக்கு

மினியாபோலிஸ்,
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பரீட்சையைக் காரணம் காட்டிவிடலாம். உண்மையில், அத்தை கேட்கச் சொன்ன கேள்விக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

மூன்றே ஆண்டில் பட்டம் முடிகிறதென்றால் உடனே டாக்டர் படிப்பில் சேராமல் ஓராண்டு எதற்கு என்று அத்தை கேட்பது நியாயம்தான். நம் ஊரில் பிளஸ் டூ முடித்து நீட்டில் தேறினால் நேரே எம்.பி.பி.எஸ்.; இங்கே அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் வாங்கியாக வேண்டும். அதற்கான 120 கிரெடிட்டை, அதாவது பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளை, நான்கு ஆண்டில் முடிப்பது வழக்கம். நான் பருவத்துக்குப் பதினெட்டாக ஆறு பருவமும், இரண்டு கோடை விடுமுறைகளில் ஆறாறும் எடுத்ததால் வரும் மே மாதமே முடிகிறது. ஆனால் மருத்துவக் கல்லூரிகளுக்கு இந்தக் கோடையில் விண்ணப்பித்தால், நேர்காணல்களெல்லாம் முடிந்து வகுப்பில் உட்காருவது அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வாக்கில்தான். சென்ற ஆண்டே விண்ணப்பித்திருக்கலாமே என்பீர்கள். அப்போது உயிர்வேதியியல் முடியவில்லை, ஏழரை மணி நேரம் நடக்கும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வையும் எழுதவில்லை, எனக்காகப் பரிந்துரை எழுதும் அளவுக்கு என்னை அறிந்த பேராசிரியரும் இல்லை. அவசரமாக ஓடுகிறவளுக்கு யாரோடும் பழக நேரமிருப்பதில்லை அப்பா.

நான்காம் ஆண்டுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நான் இப்படிச் செய்ததாக அம்மா நினைக்க வேண்டாம். அந்த ஓராண்டு ஆய்வகத்தில் வேலை பார்க்க மாணவர் விசாவிலேயே இடமுண்டு. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்காத மருத்துவக் கல்லூரிகள்தான் இங்கு அதிகம். சேர்க்கும் கல்லூரிகளிலும் சில முன்கூட்டியே கேட்கும் தொகையைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன். இப்போது ஒரு வீட்டின் அடித்தள அறைக்கு மாறியிருக்கிறேன். விடுதியில் சத்தம் அதிகம்.

பக்கத்து வீட்டுத் தாத்தா, மைனஸ் இருபது டிகிரியிலும் உறைந்த ஏரியின் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளையிட்டு, ஒரு முழம்கூட இல்லாத தூண்டிலால் மீன் பிடிக்கிறார். நாலு அங்குலக் கனம் இருந்தால் ஆள் நடக்கலாமாம். சென்ற ஞாயிறு இரண்டு மீன் கொடுத்தார். அம்மா கொடுத்துவிட்ட மசாலாப் பொடியின் கடைசிக் கரண்டியைச் சுரண்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன். அந்த வாசனை கோட்டில் ஏறிக்கொண்டது. மறுநாள் வகுப்பில் கை அசைத்தபோதெல்லாம் நம் அடுப்படி வந்து நின்றது. கோட்டைத் துவைக்க இன்னும் மனம் வரவில்லை.

தம்பி இரண்டாம் முறை நீட் எழுதுவதானால் எழுதட்டும், அவனை யாரும் திட்ட வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தக் கடன் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, சித்தப்பாவைக் கலக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கென்று ஒதுக்கியதை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே தேவையில்லை. அம்மாவின் கண்ணாடியை மாற்றியாயிற்றா? பொடி மட்டும் அரைக் கிலோ, யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்