சித்தாலேப டப்பா தந்த சிஸ்டருக்கு

பெயர் போடவேண்டாம் என்று நீங்கள் சொன்னபடியால் போடேல்லை, சிஸ்டர்.

போர் முடிஞ்ச பிறகு, 2010இல் வவுனியா மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து கிளிநொச்சிக்குத் திரும்பேக்க எங்களுக்கு இருந்தது ஒரு தறப்பாள் கொட்டில்தான். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தோட மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் குடியேறின குடும்பம். காணிக்கு உறுதிப்பத்திரம் இல்லை. அப்பாவும் இல்லை. என்னையும் தம்பியையும் சிறுவர் இல்லத்தில் விடச் சொல்லி ஊரே சொன்னது. முதல் போன இல்லத்தில் விபூதியை அழிச்சிட்டு வரச் சொல்லிச்சினம். வருசத்துக்கு ஒருக்காத்தான் அம்மா பார்க்கலாமாம். அம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு திரும்பி நடந்தா.

பிறகுதான் உங்கட இல்லத்துக்கு வந்தம். நீங்கள் பதிவுக் கொப்பியைத் திறக்க முதல் அம்மாவுக்குப் பிளேன்ரீ ஊத்திக் குடுத்தீங்கள். "பிள்ளையைத் தர வந்தனீங்களோ, பிள்ளைக்குச் சோறு கேட்டு வந்தனீங்களோ?" அம்மா அழத் தொடங்கினா.

தம்பியை அம்மாவோடயே திருப்பி அனுப்பினீங்கள், மாசாமாசம் அரிசி, பருப்போட. என்னை இல்லத்தில் வைச்சிருந்து படிப்பிச்சு, வெள்ளிக்கிழமையில் பஸ் காசு தந்து வீட்டுக்கு விட்டீங்கள். அதுக்குச் சம்மதம் வாங்க, பிள்ளையளின்ர பொறுப்பைப் பார்க்கிற அரசாங்க நன்னடத்தை உத்தியோகத்தரிட்ட எத்தனை தரம் அலைஞ்சீங்களோ, சொன்னதே இல்லை.

விபூதி வைக்க, சளி, தலையிடிக்குப் பூசுற சித்தாலேப தைலத்தின்ர வெறும் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைச்சுத் தந்தீங்கள். மணம் மட்டும் போகேல்லை. நெற்றியில் பூசினால் தடிமனுக்குப் பூசினமாதிரி இருக்கும், பெட்டையள் சிரிப்பாளவை.

ரெண்டு வருசத்தில் அம்மா கோழி வளர்த்து நிமிர்ந்து என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தா. கையெழுத்து வைக்கேக்க அவவை விட நீங்கள்தான் சந்தோசப்பட்டீங்கள்.

டப்பா இப்பவும் எங்கட சாமித்தட்டில் இருக்கு, சிஸ்டர்.