டிசம்பர் போக பதினொரு மாதம் இருக்கிறது

பிரிட்டன் வானொலி நிலையங்களில் பாட்டுத் தேர்வு செய்பவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் உங்களுக்குப் போக்ஸ் (The Pogues) இசைக்குழுவின் ஞாபகம் வந்துவிடுகிறது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் பாட்டு 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' ஓயாமல் ஒலிக்கிறது. ஜனவரியில் அலங்கார விளக்குகளோடு அவர்களையும் பரணில் ஏற்றிவிடுகிறீர்கள். 1982-இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் தொடங்கி, 1996-இல் கலைந்து, 2001-இல் மறுபடி கூடி, 2014 வரை மேடையேறிய குழுவுக்கு ஒரே ஒரு பாட்டுதானா?

பெயரிலேயே வம்பு ஆரம்பித்தது. முதலில் வைத்தது 'போக் மஹோன்'. ஐரிஷ் மொழியில் 'என் பின்புறத்தில் முத்தமிடு' என்று அர்த்தம். (நாகரிகமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.) மொழி தெரிந்தவர்கள் பிபிசியிடம் முறையிட, பெயரைப் 'போக்ஸ்' என்று சுருக்கினார்கள். பின்புறம் போய் முத்தம் மட்டும் மிஞ்சியது.

ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் குண்டுவெடிப்புகளால், ஐரிஷ் உச்சரிப்பைக் கேட்டாலே சந்தேகப் பார்வை விழுந்த லண்டன் அது. அங்கே அக்கார்டியன், பாஞ்சோ, தகரக் குழலோடு பாட்டன் காலத்துப் பாட்டுகளைப் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் வேகத்தில் விரட்டினார்கள். குழுவில் ஒருவரான ஸ்பைடர் ஸ்டேசி பியர் தட்டால் தன் தலையிலேயே அடித்துத் தாளம் போடுவார். இதில் வேடிக்கை, குழுவில் பலர் ஆங்கிலேயர்கள். பாடகர் ஷேன் மெக்கவன் பிறந்ததே கென்ட்டில்தான், அதுவும் 1957 கிறிஸ்துமஸ் அன்று.

நான் கேட்க வந்தது வேறு பாட்டு. 1974-இல் பர்மிங்காம் மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். செய்யாத குற்றத்துக்கு ஆறு ஐரிஷ்காரர்கள் ஆயுள் சிறைக்குப் போனார்கள். அவர்கள் நிரபராதிகள் என்று 1988-இல் வந்த இசைத்தட்டில், 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் சாரோ / பர்மிங்காம் சிக்ஸ்' என்ற பாட்டில் போக்ஸ் பாடியது. தனியார் வானொலிகளை ஆண்ட ஒலிபரப்பு ஆணையம் அதே ஆண்டு அந்தப் பாட்டுக்குத் தடை போட்டது. 1991 மார்ச் 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. பாட்டு சொன்னதுதான் சரி என்றாயிற்று. ஆனால் இன்றும் அதை வானொலியில் கேட்பது அபூர்வம்.

மெக்கவனைப் புனிதராக்க நான் வரவில்லை. அதே 1991-இல் ஜப்பான் பயணத்தின்போது குழுவே அவரை வெளியே அனுப்பியது. குடி அவ்வளவு முற்றியிருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டில் வரும் வசைச்சொல்லை நீங்கள் வெட்டுவதற்கும் சண்டைக்கு வரமாட்டேன். ஒருபாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொல் அது. அந்தப் பாத்திரம் அப்படிப் பேசும் பெண் என்று விளக்கிய மெக்கவனே, ஒலியை மறைத்தால் ஆட்சேபம் இல்லை என்று 2018-இல் சொல்லிவிட்டார்.

2023 நவம்பர் 30 அன்று அவர் இறந்தார். மறுநாள் டிசம்பர். வழக்கமான பாட்டையே இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டீர்கள்.

வரும் மார்ச் 14 அன்று, காலையில் மக்கள் வேலைக்குப் போகும் நேரத்தில், அந்த ஆறு பேரின் பாட்டைப் போடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
வருடம் முழுக்கக் கேட்கும் ஒரு ரசிகன்