ஏ.டி.எஸ்.-பி. கருவியின் செலவும் பாதுகாப்பும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்போர் எங்கள் பணிமனையில் அதிகம் கேட்பது, விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பவும் பிற விமானங்களின் ஒலிபரப்பைப் பெறவும் உதவும் ஏ.டி.எஸ்.-பி. கருவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வானில் உண்மையான பாதுகாப்பு கிடைக்குமா என்பதையே. கிடைக்கும், ஆனால் சட்டம் கேட்பதோடு நிறுத்திக்கொள்பவருக்கு அது அரைகுறையாகவே கிடைக்கும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல், பி மற்றும் சி வகை வான்வெளியிலும் (நெரிசல் மிகுந்த விமான நிலையங்களைச் சுற்றிய கட்டுப்பாட்டுப் பகுதிகள்), பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய 30 கடல் மைல் வட்டத்திலும், பொதுவாக 10,000 அடிக்கு மேலும் பறக்க, விமானத்தின் இருப்பிடத்தையும் உயரத்தையும் ஒலிபரப்பும் 'அவுட்' வசதி கட்டாயம். இறக்கைநுனி விளக்கு இருந்த இடத்திலேயே பொருத்தும் கருவி சுமார் 2,000 டாலருக்குக் கிடைக்கிறது. ரேடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரையே மாற்றுவதென்றால் 3,000 முதல் 5,000 டாலர் வரை ஆகும், பொருத்துகூலி தனி. 18,000 அடிக்குக் கீழே உள்நாட்டில் மட்டும் பறப்பவருக்கு 978 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பும் கருவியே போதும்; எல்லை தாண்டிப் பறக்க எண்ணுபவர் 1090 மெகாஹெர்ட்ஸ் கருவியையே வாங்குவது நல்லது.

'அவுட்' உங்களைப் பிறருக்குக் காட்டுமே தவிர, பிறரை உங்களுக்குக் காட்டாது. அதற்கு 'இன்' வசதி வேண்டும். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. சில நூறு டாலருக்குக் கிடைக்கும் கையடக்க ரிசீவர் அருகில் பறக்கும் விமானங்களை டேப்லெட் திரையில் காட்டும். 978 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வானிலைத் தகவலையும் சந்தா இல்லாமல் தரும். ஆனால் 'அவுட்' இல்லாத விமானத்தில் இந்த ரிசீவரை மட்டும் வைத்துக்கொண்டு, திரையில் யாரும் தெரியவில்லை, ஆகவே வானம் காலி என்று தயவுசெய்து முடிவு செய்யாதீர்கள். தரைநிலையங்கள் ரேடார் வழியே அறிந்த விமானங்களின் தகவலை, 'அவுட்' உள்ள விமானங்களை மையமாக வைத்தே தொகுத்து அனுப்புகின்றன; ஆகவே 'அவுட்' இல்லாத உங்களுக்கு அருகில் பறப்பவர்கள் அதில் விடுபடலாம்.

2019 மே 13 அன்று அலாஸ்காவின் கெட்சிகன் அருகே, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற இரண்டு மிதவை விமானங்கள் நடுவானில் மோதி 6 பேர் உயிரிழந்தனர். இரண்டிலும் ஏ.டி.எஸ்.-பி. இருந்தது. ஆயினும் ஒன்றில் உயரத் தகவலை அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவி அணைந்திருந்ததால் அது தன் உயரத்தை ஒலிபரப்பவில்லை. மோதல் எச்சரிக்கை எந்த விமானிக்கும் கிட்டவில்லை. ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகுவதற்குள்ள வரம்புகளையும், இந்த எச்சரிக்கை இல்லாமற்போனதையும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகக் குறித்தது. இதை நினைவில் வைத்தே, குரலில் எச்சரிக்கும் வசதி உள்ள 'இன்' கருவியைப் பரிந்துரைக்கிறோம். அந்த ஒலி உங்கள் ஹெட்செட்டில் கேட்கிறதா என்பதையும் சோதித்த பின்னரே விமானத்தை ஒப்படைக்கிறோம்.

கருவி பொருத்தியபின் 'அவுட்' கட்டாயமான வான்வெளியில் ஒருமுறை பறந்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் இணையதளத்தில், கருவி சரியாக ஒலிபரப்புகிறதா என்பதைக் காட்டும் செயல்திறன் அறிக்கையைக் கோருங்கள், அது இலவசம். பழைய விமானத்தை வாங்கிப் பதிவெண்ணை மாற்றியவர்கள், கருவிக்குள் பழைய அடையாளக் குறியீடே தங்கியிருக்கிறதா என்பதை இதில் கட்டாயம் பார்க்க வேண்டும். அறிக்கையில் பிழை தெரிந்தால் அடுத்த பயணத்துக்கு முன் விமானத்தை எங்களிடம் கொண்டு வாருங்கள். நாங்கள் பொருத்திய கருவியாயின் கூலி வாங்காமல் சரிசெய்து தருகிறோம்.

இப்படிக்கு,
ஏவியானிக்ஸ் பணிமனைக் குழுவினர்